வளையம் இல்லாமல் யாரும் கீழே இறங்குவதில்லை

இன்று காலை பல் தீட்டிக்கொண்டிருந்தபோது கடையிலிருந்து ரஷீத் பாய் தொலைபேசியில் கூப்பிட்டார். சுகமா என்றுகூடக் கேட்கவில்லை. "வளையம் உன்னிடமா?" என்றார். இல்லை என்று சொல்ல வாயெடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். வாசல் கொக்கியில், என் குளிர்கோட்டுக்கு அடியில், நீ சிவப்புத் துணி சுற்றிய வளையம் தொங்கிக்கொண்டிருந்தது. நேற்று வேலை முடிந்த களைப்பில் அதைத் தோளில் போட்டபடியே, மேலே கோட்டையும் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். ஒரு பக்கத் தோள் வீங்கின மனுஷியாகப் பார்க் எக்ஸ்டென்ஷன் தெருவெல்லாம் நடந்திருக்கிறேன். ஒருவர்கூட என்னவென்று கேட்கவில்லை.

"உருளைக்கிழங்கு முழுக்கக் கீழே கிடக்கிறது. சர்தார் எண்ணெயைச் சுடவைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். கெதியாக வா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். இரண்டு பேரும் ஐம்பதைத் தாண்டிய ஆண்கள். மறுபடியும் ஒரே வீட்டில் ஒன்றாகக் குடியிருக்கிறவர்கள். ஒருவர் "நான் இறங்குகிறேன்" என்றால் மற்றவர் "சரி" என்று சொல்வதோடு காரியம் முடிந்துவிடும். ஆனாலும் வளையம் கையில் இல்லாமல் அந்த நிலவறைப் படியில் கால் வைக்க மாட்டார்கள். நீ போட்ட சட்டம் அப்படி.

பாண் தின்றுகொண்டிருந்த என் மகள், "செ குவா சா, அம்மா?" என்று வளையத்தைக் காட்டிக் கேட்டாள். அவளுக்கு வாய் திறந்தால் பிரெஞ்சுதான், உனக்குத் தெரியும். "இது கோச்சி விடுற வளையம்" என்றேன். ரயிலை நாங்கள் கோச்சி என்பதும் அவளுக்கு விளங்கவில்லை, வளையமும் விளங்கவில்லை. பின்னேரம் வந்து சொல்கிறேன் என்று ஓடிவிட்டேன். பின்னேரம் வந்து அவளுக்குச் சொன்னேன். சொல்லச் சொல்ல, உனக்கே இதைச் சொல்ல வேண்டும் போலிருந்தது. அவள் படுக்கப் போக முன்னமே எழுத உட்கார்ந்துவிட்டேன். உனக்குத் தெரிந்த கதையைத்தான் உனக்குச் சொல்லப்போகிறேன். நீ மட்டும் என்ன, ஒரு கதையை எனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பாய்.

பார்க் மெட்ரோவுக்குக் கிட்ட இருக்கிற இந்த இனிப்புக் கடைக்கு நான் வேலைக்கு வந்தபோது நீ அங்கே பழைய ஆள். பின்கதவுக்குப் பக்கத்து ஸ்டூல் உன்னுடையது. கதவுக்கு அப்பால் வேலி, வேலிக்கு அப்பால் தண்டவாளம். சரக்கு ரயில் போகும்போது நீ மாவுக் கையோடு எழும்பிப் போய்க் கதவைத் திறந்து ஓட்டுநருக்குக் கை காட்டுவாய். பனி கொட்டினாலும் காட்டுவாய். குளிர் உள்ளே வருகிறது என்று நான் கத்துவேன். "கோச்சி போகக்குள்ள கதவ மூடிக்கிட்டு இருக்கிறதா? மரியாதை இல்லாத ஆளுகா நீ" என்பாய்.

நான் யாழ்ப்பாணம், நீ மட்டக்களப்புப் பக்கம், நாங்கள் 'அடி' போடுகிற இடத்தில் 'கா' போடுகிறவள். நான் மடித்த சமோசாவைத் தூக்கிப் பார்த்து, "யாழ்ப்பாணத்தாள் மடிச்சா இப்பிடித்தான் இறுக்கமா இருக்கும், மடியில முடிஞ்ச காசு மாதிரி" என்று நீ சொன்ன அன்றுதான் நாம் சிநேகிதிகள் ஆனோம். உன் சமோசாக்கள் எண்ணெயில் போட்டதும் வாயைப் பிளக்கும் என்று நான் திருப்பிச் சொன்னேன். அதுவும் உண்மைதான்.

கடையின் அடுப்புகள் இரண்டும் இரண்டு பேருடைய ஆட்சியில் இருந்தன. எண்ணெய் அடுப்பு குர்மீத் சிங்குடையது. அமிர்தசரஸ் பக்கத்துச் சர்தார்ஜி. நீ அவரை 'சிங்கண்ணன்' என்று கூப்பிட்டாய், அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பால் அடுப்பு லாகூர்க்காரர் ரஷீத் பாயுடையது. அவருடைய பர்பிக்காகவே ஜான்-டலோன் சந்தைப் பக்கமிருந்து ஆட்கள் நடந்து வருவார்கள். ஒருவர் இந்தியா, ஒருவர் பாகிஸ்தான். ஆனால் இருவரும் பேசுவது ஒரே பஞ்சாபி. குடியிருந்ததும் ஒரே வீடு. கிரிக்கெட் நடக்கும் நாட்களில் மட்டும் கொஞ்சம் உறுமிக்கொள்வார்கள். மறுநாள் ஒன்றாகவே வேலைக்கு வருவார்கள்.

அந்த மார்கழியில் டில்லியில் தாக்குதல் நடந்தது. இரண்டு நாட்டுப் படைகளும் எல்லையில் போய்க் குவிந்தன. புது வருஷம் பிறந்ததும் டில்லிக்கும் லாகூருக்கும் இடையே ஓடிய ரயிலை நிறுத்திவிட்டார்கள். பெரிய நாடுகள் கோபித்துக்கொண்டால் முதலில் அதைத்தான் செய்கின்றன. தூதரைத் திருப்பிக் கூப்பிடும், ரயிலை நிறுத்தும். தூதருக்கு வீட்டில் சம்பளம் வரும். ரயிலில் போக இருந்தவர்கள்தான் மூட்டையோடு மேடையில் நிற்பார்கள்.

அந்தச் செய்தி வானொலியில் வந்த காலையில், சிங்கண்ணன் கரண்டியால் எண்ணெய்ச் சட்டியின் விளிம்பில் தட்டி, "நிறுத்தினது நல்லது. இன்னும் முன்னமே நிறுத்தியிருக்க வேண்டும்" என்றார். நம் எல்லோருக்கும் கேட்கும்படி ஆங்கிலத்தில்தான் சொன்னார். ரஷீத் பாய் பால் சட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார். பாலைத் துழாவிக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பால் அடிப்பிடித்தது. அவர் கையில் பால் அடிப்பிடித்து நாங்கள் கண்டதே இல்லை.

அந்தக் கிழமையே அவர் வேறு அறை பார்த்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. உப்பு வேண்டுமென்றால் சிங்கண்ணன் என்னிடம் கேட்பார், நான் ரஷீத் பாயிடம் வாங்கிக் கொடுப்பேன். ரஷீத் பாய்க்கு நெய் வேண்டுமென்றால் உன்னிடம் சொல்வார். "நாம அணிசேரா நாடுகள் கா" என்று நீ சொல்லுவாய். "பெரிய ஆக்கள் கோவிச்சுக்கொண்டா உப்புச் சுமக்கிறது நாமதான்."

சிரித்தோமே தவிர, அது சிரிப்புக்குரிய விஷயமாக இருக்கவில்லை. சாமான்கள் எல்லாம் நிலவறையில் இருந்தன. படிக்கட்டோ ஒரு ஆள் அகலம், நடுவில் ஒரு வளைவு வேறு. மேலே நிற்பவருக்குக் கீழே இருப்பவர் தெரியாது. சூடான பாத்திரத்தோடு நடக்கிறவர் "ஷோ! ஷோ!" என்று கத்திக்கொண்டு போக வேண்டும் என்பது அந்தச் சமையலறையின் வழக்கம். பிரெஞ்சில் சூடு என்றால் ஷோ. பஞ்சாபிக்காரரும் தமிழரும் எல்லாரும் கத்துவது அதையே. ஆனால் பேசாமல் இருக்கிற இரண்டு பேர் ஒருவருக்கு ஒருவர் எப்படிக் கத்துவது? கத்துவதும் பேச்சுத்தானே. இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு படியில் ஏறி இறங்கினார்கள்.

கடைசியில் அது நடந்தது. ரஷீத் பாய் ஆறவைப்பதற்காகச் சீனிப்பாகுச் சட்டியைக் கீழே கொண்டுபோனார். சிங்கண்ணன் மாவு மூட்டையோடு மேலே வந்தார். வளைவில் இருவரும் மோதிக்கொண்டார்கள். ஒருவருக்கு முழங்கையில் சூடு, மற்றவருக்குப் பாதத்தில். படியெல்லாம் பாகும் மாவும். அப்போதுகூட ஒருவரை ஒருவர் திட்டவில்லை. சுவரைப் பார்த்துத் திட்டினார்கள்.

முதலாளி வந்து பார்த்தார். சத்தம் போடவில்லை. "இன்னொரு தடவை இப்படி நடந்தால் ஒருவரை அனுப்பிவிடுவேன். யார் என்று அப்போது சொல்கிறேன்" என்றார். அவர் போன பிறகு ரஷீத் பாயின் முகத்தை நீதான் முதலில் கவனித்தாய். "அந்த மனிசனுக்கு வேற என்னமோ இருக்குகா. வேல போறது மட்டுமில்ல" என்றாய்.

அடுத்த நாள் காலையில் நீ ஒரு வளையத்தோடு வந்தாய். சந்தையில் ஆப்பிள் விற்கிற மரக்கூடையின் விளிம்பு. அதில் உன் பழைய சிவப்புச் சேலைத் துண்டைச் சுற்றித் தைத்திருந்தாய். படிக்கட்டு வாசலில் ஆணி அடித்து அதை மாட்டினாய். "என்னடி இது, உனக்கு விசரே?" என்று கேட்டேன்.

"இது ஒத்தத் தண்டவாளம்கா. ரெண்டு பக்கத்தாலயும் கோச்சி வருகுது. அவங்க கதைக்க மாட்டாங்களெண்டா கதைக்க வேணாம். கதைக்காமலே கோச்சி விடலாம்" என்றாய்.

உன் அப்பா மட்டக்களப்புப் பாதையில் ஒரு சின்ன ரயில் நிலையத்தில் வேலை பார்த்தவர். அங்கே இரண்டு நிலையங்களுக்கு இடையில் ஒரே தண்டவாளம். அதனால் ஒரு வளையம். அது கையில் இருக்கிற ஓட்டுநர் மட்டும்தான் அந்தத் துண்டுக்குள் வண்டியை விடலாம். அடுத்த நிலையத்தில் போய் அதை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தால்தான் வண்டி பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது என்று கணக்கு. பிறகு அதே வளையத்தை எதிர்ப்பக்கம் போகிற வண்டிக்குக் கொடுக்கலாம். ஓடுகிற ரயிலுக்கு உன் அப்பா மேடை விளிம்பில் நின்று வளையத்தை உயர்த்திப் பிடிப்பதையும், ஓட்டுநர் கையை நீட்டி அதைத் தோளோடு வாங்கிக்கொண்டு போவதையும் நீ நடித்துக் காட்டுவாய். ஒரு தரம் அகப்பையோடு நடித்துக் காட்டி என் கண்ணாடியைத் தட்டிவிட்டாய்.

"அப்பாக்கும் அடுத்த ஸ்டேசன் மாஸ்டருக்கும் ஏழாம் பொருத்தம். வருஷக்கணக்கா முகம் பாத்துக் கதைக்கல்ல. ஒரு கோச்சியாவது முட்டினதா? வளையம் கை மாறினாக் காணும் எண்டுவார் அப்பா."

இதையெல்லாம் உன் அரைகுறை ஆங்கிலத்தில் அந்த இரண்டு பேருக்கும் நீ விளக்கியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது. வளையத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, வாயால் ரயில் ஊதி, படியில் இறங்கிக் காட்டினாய். சிங்கண்ணன் தாடியைத் தடவினார். ரஷீத் பாய் சுவரைப் பார்த்தார். ஆனால் இருவரும் பாதத்தையும் முழங்கையையும் ஒருதரம் தடவிக்கொண்டார்கள். அன்றைக்கே வளையம் ஓடத் தொடங்கியது.

நல்லாகவே ஓடியது. ஆணியில் வளையம் இல்லையென்றால் கீழே ஆள் இருக்கிறது, நில். இருந்தால் எடு, போ. நானும் எடுத்தேன். சாமான் இறக்க வருகிற ஆளும் எடுத்தான். முதலாளி ஒருநாள் எடுக்காமல் இறங்கப் பார்த்தார். சிங்கண்ணனும் ரஷீத் பாயும் ஒரே நேரத்தில் "வளையம்!" என்று கத்தினார்கள். ஒரே நேரத்தில் கத்திவிட்டோமே என்று இரண்டு பேருக்கும் வெட்கமாகப் போய்விட்டது. உடனே ஒருவர் பாலுக்குள்ளும் மற்றவர் எண்ணெய்க்குள்ளும் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள்.

மோதல் நின்றது. பேச்சு வரவில்லை. மாதங்கள் போயின. எனக்கு அதுவே பெரிய காரியமாகப் பட்டது. உனக்குப் போதவில்லை. ஒரு திங்கட்கிழமை வந்து பார்த்தால் சுவரில் ஆணியைக் காணோம், ஓட்டை மட்டும் இருந்தது. "ஆணி விழுந்திற்று" என்றாய், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். வேறு ஆணி அடிப்போம் என்றேன். "சுவர் பொருக்கு விட்டுப் போச்சு, அடிக்கேலா" என்றாய். உன் ஏப்ரன் பைக்குள் குறடு துருத்திக்கொண்டிருந்ததை நான் கண்டும் காணாததுபோல் இருந்தேன்.

ஆணி இல்லாததால் வளையத்துக்கு வைக்க இடமில்லை. மேலே வந்தவர் அதைத் தோளிலேயே வைத்திருக்க வேண்டும். இறங்க வேண்டியவர் அவரிடம் போய் நிற்க வேண்டும். முதல் நாள் சிங்கண்ணன் ரஷீத் பாயின் முன்னால் போய்த் தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றார். ரஷீத் பாய் பார்க்காததுபோல் பாலைத் துழாவினார். எண்ணெய் புகைய ஆரம்பித்தது. நானும் நீயும் சமோசா மடிப்பதை நிறுத்திவிட்டோம். ரஷீத் பாய் தோளிலிருந்து வளையத்தைக் கழற்றி, வேறு பக்கம் பார்த்தபடியே நீட்டினார். "லோ" என்றார்.

இந்தா, எடுத்துக்கொள் என்று அர்த்தம். அவ்வளவுதான். அரை வருஷத்துக்கு மேல் பேசாமல் இருந்த இரண்டு பேருக்கு இடையில் விழுந்த முதல் சொல் அது. நீ மேசைக்கு அடியில் என் காலை மிதித்த மிதி இன்னும் நோகிறது.

அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு எத்தனை 'லோ'! ஆனால் அதற்கு மேல் வேறு சொல் இல்லை. இரண்டாவது குளிர்காலத்தின் கடைசியில்தான் அந்த நாள் வந்தது. காலையில் ரஷீத் பாய்க்கு லாகூரிலிருந்து ஒரு தொலைபேசி வந்தது. பேசி முடித்துவிட்டு, வளையத்தை வாங்கிக்கொண்டு பால்மா எடுக்கக் கீழே போனார். போனவர் வரவில்லை.

சிங்கண்ணனுக்குக் கடலைமா வேண்டியிருந்தது. படிக்கட்டு வாசலில் வந்து நின்றார். "ரஷீத்! வளையம்!" என்றார். மறுபடி கூப்பிட்டார். கீழேயிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. சிங்கண்ணன் ஒரு காலைப் படியில் வைத்தார். பிறகு எடுத்துவிட்டார். வளையம் கீழே இருக்கும்போது இறங்கக் கூடாது. நம்மைத் திரும்பிப் பார்த்தார், என்ன செய்வது என்பதுபோல. நீ அடுப்பை அணைத்துவிட்டு, "இறங்கத்தான் ஏலா, சிங்கண்ணே. இருந்து கதைக்கலாம்" என்று தமிழிலேயே சொன்னாய். அந்த மனுஷனுக்கு எப்படியோ விளங்கியது. அந்தப் பெரிய உடம்பை மேல்படியில் இருத்தினார்.

கீழே ஒருவர், மேலே ஒருவர். நடுவில் வளைவு. முகம் தெரியாது. பஞ்சாபி ஏறியும் இறங்கியும் போய்க்கொண்டிருந்தது. நமக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் மா என்ற சொல்லும் பெஹன் என்ற சொல்லும் அடிக்கடி வந்தன. அம்மாவும் சகோதரியும் எந்தப் பாஷையிலும் விளங்கிவிடுகிறார்கள். வாடிக்கையாளர் வந்து மணியைத் தட்டியபோது நீ போய், "பிறகு வாங்க" என்பதைக் கையால் சொல்லி அனுப்பிவிட்டாய்.

பிறகு சிங்கண்ணன் நமக்கு ஆங்கிலத்தில் சொன்னார். ரஷீத் பாயின் அக்கா டில்லியில் கல்யாணம் கட்டியவர். ஒவ்வொரு வருஷமும் அந்த ரயிலில்தான் லாகூருக்குப் போய்த் தாயைப் பார்த்துவிட்டு வருவார். தாய் பாரிசவாதத்தில் விழுந்து படுக்கையில் கிடந்தார். அக்கா டிக்கெட் எடுத்து மூட்டை கட்டி வைத்திருந்த நேரம் ரயிலை நிறுத்திவிட்டார்கள். விமானமும் இல்லை, பஸ்ஸும் இல்லை. 'நல்லது' என்று சிங்கண்ணன் சொன்ன காலையில் ரஷீத் பாய்க்கு அந்தச் செய்தி வந்து ஒரு மணித்தியாலம்கூட ஆகியிருக்கவில்லை. இப்போது தாய்க்கு இரண்டாவது தடவையும் வந்துவிட்டது. மகளின் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

"இதைவிட ஒன்று உண்டு" என்றார் சிங்கண்ணன். சொல்லும்போது தலைப்பாகையைச் சரிசெய்தார், சரியாக இருந்த தலைப்பாகையை. அவருடைய சொந்தத் தம்பி எல்லையில், அட்டாரி ரயில் நிலையத்தில் சுமை தூக்குகிறவர். அந்த ரயில் வந்தால்தான் அவருக்குச் சோறு. ரயில் நின்ற நாளிலிருந்து தம்பி வீட்டில் சும்மா இருந்தார். "அப்ப ஏன் நல்லது எண்டு சொன்னனீங்கள்?" என்று நான் கேட்டேன். ஆங்கிலத்தில் கேட்க நினைத்தேன், தமிழில் வந்துவிட்டது. அவர் கையை விரித்தார். "வானொலி அப்படிச் சொன்னது. நானும் சொன்னேன்" என்றார்.

ரஷீத் பாய் மேலே வந்தார். கண் சிவந்திருந்தது. வளையத்தைத் தோளிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். "லோ ஜி" என்றார். 'ஜி' புதிது. நீ அழுதாய். வெங்காயம் வெட்டாத நாளில் நீ அழுது நான் பார்த்தது அன்றுதான்.

அதற்குப் பிறகு நம் கடைக்கு ஒரே ஒரு செய்திதான் இருந்தது. உள்ளே வந்ததும் நீ முதலில் கேட்பது, "கோச்சி விட்டாங்களா?" என்றுதான். எனக்கும் அந்தக் கேள்வி பழக்கமானதுதான். எங்கள் யாழ்ப்பாண ரயில் நின்று அப்போதே பத்து வருஷத்துக்கு மேல். சமாதானம் என்று சொல்லி முந்தின வருஷம் தரைப்பாதையைத் திறந்திருந்தார்கள். என் அம்மா கொழும்புக்கு வந்து என்னோடு தொலைபேசியில் மணிக்கணக்காகக் கதைத்தார். ரயில் மட்டும் வரவில்லை. இரண்டு பெரிய நாடுகளின் ரயிலுக்காக நான் தேவாலயத்தில் மெழுகுதிரி ஏற்றினேன் என்றால், அதற்குள் எங்களுடையதும் கொஞ்சம் எரிந்துகொண்டுதான் இருந்தது.

கோடையில் முதலில் பஸ்ஸை விட்டார்கள். அக்கா பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார், இடம் கிடைக்கவில்லை. பெரிய மனிதர்கள் மாநாட்டில் கை குலுக்கிய படம் பத்திரிகையில் வந்தது. சிங்கண்ணன் அதை வெட்டி எண்ணெய் படாத சுவரில் ஒட்டினார். தைப்பொங்கலை ஒட்டி ரயில் விட்டார்கள். இயந்திரத்துக்கு மாலை போட்டு அனுப்பினார்களாம். நிறுத்தும்போது மாலை போடுவதில்லை, கவனித்தாயா? நீ கடைப் பால் அடுப்பில் பொங்கல் பொங்கினாய். ரஷீத் பாய் அதில் நெய்யை வாரி ஊற்றி, இதுதான் சரி என்று அடம்பிடித்தார்.

அக்காவுக்கு விசா கிடைத்து அவர் புறப்பட்டது கொஞ்சம் பிந்தித்தான். எல்லையில் எல்லோரும் மூட்டையோடு இறங்கி, சோதனைக்கு வரிசையில் நின்று, மறுபடி ஏற வேண்டும். வயதான மனுஷி, தனியாக. சிங்கண்ணன் தம்பியிடம் சொல்லிவைத்திருந்தார். அன்று காலை நாங்கள் கடையைத் திறந்த கையோடு தொலைபேசி அடித்தது. அட்டாரியிலிருந்து அந்தத் தம்பி. அங்கே பின்னேரம். சிங்கண்ணன் கேட்டு, கேட்டு, ஒவ்வொரு வசனமாகத் திருப்பிச் சொன்னார். "மூட்டையைத் தூக்கினானாம். காசு வாங்கவில்லையாம். என் அம்மா சுட்ட ரொட்டி கொடுத்தானாம். ஜன்னல் பக்கத்தில் இருத்திவிட்டானாம். வண்டி போய்விட்டதாம்."

அன்று மத்தியானம் லாகூரிலிருந்து அழைப்பு வந்தது. ரஷீத் பாய் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு தொலைபேசியை நம் பக்கம் நீட்டினார். இரைச்சலுக்குள்ளே இரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு குரல் குழறியது, கிழவியுடையது. மற்றது அழுதுகொண்டே சிரித்தது. நீ தொலைபேசியைக் காதில் வைத்து, "வந்திற்றாவா? நல்லம், நல்லம்" என்று லாகூருக்குத் தமிழில் சொன்னாய்.

அந்த அம்மா அதற்குப் பிறகு ஒரு வருஷம் இருந்தார். அக்கா இன்னொரு தடவையும் போய்ப் பார்த்தார். கோடை வந்ததும் ரஷீத் பாய் பழைய வீட்டுக்கே திரும்பிக் குடிவந்தார். இனி வளையம் தேவையா என்று நான் கேட்டேன். "இப்பதான் தேவை. சிநேகிதம் வந்தா ஆக்கள் கவனமில்லாம ஓடுவாங்க" என்றாய்.

உன் நோயைப் பற்றி எழுதப் போவதில்லை. அது உனக்கும் பிடிக்காது. ஆனால் ஆஸ்பத்திரியில் அந்தப் பின்னேரத்தை மட்டும் சொல்ல வேண்டும். ஒருவர் பின் ஒருவராகத்தான் உள்ளே வரலாம் என்று தாதி சொன்னார். ரஷீத் பாய் ஜிலேபிப் பெட்டி வைத்திருந்த பையிலிருந்து வளையத்தை எடுத்தார். கடையிலிருந்து கொண்டுவந்திருக்கிறார்! "லோ" என்று சிங்கண்ணனிடம் கொடுத்தார். தோளில் சிவப்பு வளையத்தோடு அந்த மலை போன்ற மனிதர் அறைக்குள் நுழைந்ததும் நீ சிரித்த சிரிப்பு நடைபாதையில் இருந்த எனக்குக் கேட்டது. அந்த வார்டில் அப்படி யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

கடைசியாக நான் வந்தேன். நீ கையை நீட்டி வளையத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாய். தடவிப் பார்த்தாய். "துணி பிஞ்சு போச்சு. மாத்துகா" என்றாய். பழைய கதை, புதிய கதை எல்லாம் கதைத்தோம். முதலாளியின் புதுக் காலணியைப் பற்றிக்கூடக் கதைத்தோம். நான் எழும்பியபோது வளையத்தை எடுக்கவில்லை. உன் மடியிலேயே கிடக்கட்டும் என்று இருந்தது எனக்கு. கதவு வரைக்கும் போய்விட்டேன்.

"வளையத்த விட்டுட்டுப் போற?"

"உன்னட்டக் கிடக்கட்டுமடி" என்றேன்.

"என்னட்டக் கிடந்தா நீங்க எப்பிடிக் கீழ இறங்குவீங்க? நான் வந்து சேந்திட்டன்கா. கொண்டு போ."

அன்றைக்கு அதை நான் பகிடியாகத்தான் எடுத்தேன். வளையத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். நீ போன செய்தி வந்த பிறகுதான் உன் அப்பாவின் கணக்கு ஞாபகம் வந்தது. வளையத்தை ஒப்படைத்தால் வண்டி பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது. அழுதேன், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் உன்னை நினைத்துப் பயப்படவில்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

உனக்கு ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். உன் செத்தவீடு முடிந்து வெளியே வரும்போது ரஷீத் பாய் மெதுவாகச் சொன்னார்: "ஆணி தானாக விழவில்லை. குறட்டால் அவள் பிடுங்கும்போது நான் பால் அடுப்பில்தான் நின்றேன்." பார்த்துக்கொண்டே சும்மா இருந்திருக்கிறார், கள்ள மனுஷன்.

இன்று காலை நான் ஓட்டமும் நடையுமாகக் கடைக்குப் போனபோது, பின்பக்கம் ரயில் ஊதிக்கொண்டு போனது. சிங்கண்ணன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார், ஒரு கையை வளைத்து நீட்டியபடி. நீ நடித்துக் காட்டிய ஓட்டுநரின் அதே கை, ஆனால் இங்கே ஓட்டுநர் நிற்கிறார், ஓடுவது நான். நான் நடையை நிறுத்தவில்லை. வளையத்தை உயர்த்திப் பிடித்தபடி அவரைக் கடந்துபோனேன். அவர் அதைத் தோளோடு வாங்கிக்கொண்டு நேரே படியில் இறங்கினார். "லோ" என்று நான்தான் சொன்னேன். உள்ளே போய் உன் ஸ்டூலில் உட்கார்ந்து மடிக்கத் தொடங்கினேன்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மகள் என் அலுமாரியைக் கிளறி, நீ எனக்குத் தந்த சிவப்புச் சேலையை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். வளையத்துக்கு அதில் ஒரு துண்டு வெட்டித் தைப்போமா என்று கேட்கிறாள், பாதி பிரெஞ்சில். ஓம் என்று சொல்லியிருக்கிறேன்.

கோச்சி ஓடுதடி. ஒண்டுக்கும் யோசியாத.